அறிவை அளக்க முற்பட்ட அறிஞர் பினே

ஐ.கியூ. என்னும் சொல் இன்று பட்டிதொட்டியெல்லாம் பரவிவிட்டது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரிசையில் நிற்கும் பெற்றோர் அதைச் சொல்கின்றனர். போட்டித் தேர்வுக்குப் படிப்போர் சொல்கின்றனர். ஒருவனை ஏளனம் செய்ய விரும்புவோரும் அதையே சொல்கின்றனர். நுண்ணறிவு ஈவு என்று எங்கள் பாடநூல் அதனைத் தமிழாக்கித் தருகின்றது. அந்த ஈவுக்குத் தந்தை யார் என்று வகுப்புத் தேர்வில் கேட்டால், ஆல்ஃபிரட் பினே என்று எழுதி ஒரு மதிப்பெண் பெறுவோர் எங்களுள் பலர். ஆனால் பினே மறைந்த ஆண்டு 1911. ஈவு என்னும் கணக்கு பிறந்த ஆண்டோ 1912. தாம் கண்ணால் காணாத பிள்ளைக்குத் தந்தையாக்கப்பட்டவர் அவர்! (சில நூல்களில் அவர் பெயர் பினெட் என்று காணப்படும். பிரெஞ்சு மொழியில் அவ்வீற்றெழுத்து ஒலிப்பதில்லை. ஆகவே பினே என்பதே பொருந்தும்.)

உளவியல் முதலாண்டில் நாங்கள் கற்கும் அடிப்படைக் கருத்துகள் தனித்தனிப் பாடங்களாக வந்து நிற்கின்றன. புலனுணர்வு ஒரு பாடம், நினைவு ஒரு பாடம், கருத்தேற்றம் ஒரு பாடம், நுண்ணறிவு ஒரு பாடம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உறவு தெரிவதில்லை. பினேயின் வரலாற்றைப் படித்தபோது, இவையனைத்தும் ஒரே மனிதரின் வாழ்வில் ஒன்றன்பின் ஒன்றாய் நிகழ்ந்திருப்பதைக் கண்டு வியந்தேன். அவ்வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

பினே 1857ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நீஸ் நகரில் பிறந்தார். கடலோரமாய் அமைந்த அந்நகர் அப்போது பிரான்சு நாட்டைச் சேர்ந்ததன்று. மூன்றாண்டுகள் கழித்தே அந்நாட்டுடன் இணைந்தது. தந்தையார் மருத்துவர், தாயார் ஓவியம் தீட்டுபவர். இருவரும் பிரிந்துவிட, மகனைத் தாயாரே வளர்த்தார். அச்சத்தைப் போக்கவென்று தந்தையார் சிறுவனுக்குப் பிணம் ஒன்றைக் காட்டியதாகவும், அந்நிகழ்ச்சி அவர் உள்ளத்தை விட்டு நீங்கவேயில்லை என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். தாயாருடன் பாரிசு மாநகர் சென்று, லூயி லெ கிராண்ட் என்னும் புகழ்பெற்ற பள்ளியில் பயின்றார். 1878இல் சட்டப் பட்டம் பெற்றார். வழக்குரைஞராக மனம் ஒப்பவில்லை. மருத்துவம் பயிலப் புகுந்தார், அதுவும் நிறைவேறவில்லை. எந்தத் துறையிலும் கால் ஊன்றாத இளைஞர் நாட்டு நூலகத்தில் போய் அமர்ந்து, உளவியல் நூல்களைத் தாமாகவே படிக்கலானார். வழிகாட்டும் பேராசிரியர் கிடையாது, தேர்வு கிடையாது, பட்டமும் கிடையாது. ஜான் ஸ்டூவர்ட் மில் போன்றோரின் நூல்களே அவருக்கு ஆசிரியர்கள். குடும்பத்தில் செல்வம் இருந்தபடியால் இது கைகூடிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை. நம் இல்லங்களில் மூன்று துறை மாறினால் மூன்றாம் மாதம் வேலைக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்!

ஆசிரியர் இல்லாக் கல்வியின் குறை விரைவிலேயே வெளிப்பட்டது. கவராயத்தின் இரு முனைகளைத் தோலின் மீது வைத்தால், அவை எவ்வளவு விலகியிருக்கும்போது இரண்டாகத் தோன்றும், எவ்வளவு நெருங்கினால் ஒன்றாகிவிடும் என்பது பற்றி அவர் 1880இல் தம் முதற்கட்டுரையை வெளியிட்டார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்யும் அதே சோதனைதான். ஜோசப் டெல்பெஃப் என்னும் பெல்ஜிய அறிஞர், அவ்வாய்வைத் தாம் முன்னரே செய்துவிட்டதையும், இளைஞரின் விளக்கம் பொருந்தாததையும் எடுத்துக்காட்டிவிட்டார். டெல்பெஃபின் பெயரை நினைவில் வையுங்கள். அவர் மீண்டும் வருவார்.

1883இல் பள்ளித் தோழர் ஒருவரின் உதவியால் பினே சால்பெத்ரியே மருத்துவமனைக்குச் சென்றார். நரம்பு நோய் மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற ஷார்கோ அங்கே தலைவர். அறிதுயில் ஆய்வு அங்கே கொடிகட்டிப் பறந்த காலம் அது. பினேயும் ஃபெரே என்பவரும் சேர்ந்து ஒரு புதுமையைக் கண்டதாக அறிவித்தனர். அறிதுயிலில் ஆழ்ந்த பெண்ணின் உடலருகே காந்தத்தைக் கொண்டுசென்றால், இடக்கையில் இருந்த அசைவு வலக்கைக்கு மாறிவிடுமாம்; மகிழ்ச்சி துயரமாகத் திரும்பிவிடுமாம்! அறிவுலகம் பரபரப்படைந்தது.

டெல்பெஃப் நேரில் புறப்பட்டு வந்தார். அங்கே அவர் கண்ட காட்சி வேறு. பெரியதொரு காந்தம் அனைவரும் காணும்படி எடுத்து வரப்பட்டது. அடுத்து என்ன நிகழ வேண்டும் என்பதை, அப்பெண்ணின் காது கேட்கவே ஆய்வாளர்கள் பேசிக்கொண்டனர். அவளும் அவ்வாறே செய்தாள். ஊர் திரும்பிய டெல்பெஃப், நோயாளி எதையும் முன்கூட்டி அறியாதபடி அச்சோதனையைச் செய்து பார்த்தார். காந்தம் ஒன்றும் செய்யவில்லை. வேலை செய்தது காந்தமன்று; ஆய்வாளரின் எதிர்பார்ப்பே. இதைத்தான் கருத்தேற்றம் என்று பாடத்தில் படிக்கின்றோம். முதலில் கடுமையாக வாதிட்ட பினே, சில ஆண்டுகளில் தாம் ஏமாந்ததை ஒப்புக்கொண்டு மருத்துவமனையை விட்டு வெளியேறினார். முப்பது வயதைக் கடந்தவருக்கு ஏழாண்டு உழைப்பு ஒரே அடியில் சரிந்தது! என் எண்ணத்தில், பினேயின் பிற்கால வாழ்வு முழுவதற்கும் திறவுகோல் இந்தத் தோல்விதான். தாம் காண விரும்புவதைத் தாமே உண்டாக்கிவிடுகின்றோமோ என்ற ஐயம் அவரை விட்டு அகலவில்லை.

அடுத்த ஆய்வுக்கூடம் அவருடைய வீடு! பால்பியானி என்னும் உயிரியல் பேராசிரியரின் மகள் லோர் அம்மையாரை 1884இல் அவர் மணந்திருந்தார். 1885இல் மதலேன், 1887இல் ஆலிஸ் என இரு பெண்கள் பிறந்தனர். மூத்தவள் நடை பழகிய விதமும் இளையவள் பழகிய விதமும் வேறுவேறாக இருப்பதைத் தந்தை குறித்துக்கொண்டார். மூத்தவள் பிடித்துக்கொள்ள ஏதேனும் இருக்கும் திசையில் மட்டும், கருத்தூன்றி அடியெடுத்து வைத்தாள். இளையவள் சிரித்துக்கொண்டே வெற்றிடத்தின் நடுவே பாய்ந்து சென்றாள். ஒரே வீடு, ஒரே தாய் தந்தையர், இரு வேறு நடை. தனியாள் வேற்றுமை என்னும் பாடத்தை அவர் எங்கிருந்து தொடங்கினார் பாருங்கள்!

பெரிய வில்லைகள் ஒரு குவியலாகவும் சிறிய வில்லைகள் ஒரு குவியலாகவும் வைத்து, எதில் அதிகம் என்று அவர் குழந்தையைக் கேட்டார். எண்ணத் தெரியாத சிறுமி, எண்ணிக்கையைப் பாராமல், அதிக இடத்தை அடைத்துக்கொண்ட குவியலையே காட்டினாள். பல ஆண்டுகளுக்குப் பின் சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே விரிவாக ஆராய்ந்து புகழ் பெற்ற துறைக்கு இங்கே ஒரு தொடக்கம் இருக்கின்றது. கத்தி என்றால் என்ன என்று கேட்டால், குழந்தை அதன் வடிவத்தைச் சொல்லாமல் பயனையே சொல்வதையும் பினே கண்டார். இவற்றையெல்லாம் 1890இல் மூன்று கட்டுரைகளாக வெளியிட்டார்.

வேலையின்றி இருந்த அவர், 1891இல் ஒரு புகைவண்டி நிலையத்தில் சொர்போன் உளவியல் ஆய்வுக்கூடத்தின் தலைவரான போனி அவர்களைத் தற்செயலாகச் சந்தித்தார். ஊதியம் வேண்டா, இடம் தந்தால் போதும் என்று கேட்டுச் சேர்ந்தார். போனி ஓய்வு பெற்றதும் அக்கூடத்தின் தலைவரானார். பூச்சிகளின் நரம்பு மண்டலத்தை ஆராய்ந்து 1894இல் அறிவியல் முனைவர் பட்டமும் பெற்றார். அவ்வாய்வுக்கூடத்திலிருந்து அவர் தொடங்கிய உளவியல் ஆண்டிதழ் இன்றும் வெளிவருகின்றது. 1895இல் ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் சொற்பொழிவாற்றிப் பெரும் புகழ் பெற்றார். அங்கே தர முன்வந்த பேராசிரியப் பதவியை ஏற்கவில்லை. தம் நாட்டிலோ அவர் விரும்பிய பேராசிரியப் பதவி கடைசி வரை கிட்டவேயில்லை. 1902இல் பிரான்சுக் கல்லூரியின் உளவியல் இருக்கை பியர் ழானேக்குச் சென்றது. உலகில் உளவியல் பயிலும் ஒவ்வொரு மாணவனும் பெயர் சொல்லும் ஒருவர், தம் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாளும் பேராசிரியராக இருந்ததில்லை!

இக்காலத்தில் அவர் ஆராய்ந்தவற்றுள் என்னைக் கவர்ந்தது மனக்கணக்கு வல்லுநர்களின் வரலாறு. ழாக் இனோதி என்பவர் இத்தாலியின் பியெத்மோந்துப் பகுதியில் ஆடு மேய்த்த சிறுவர். எழுதப் படிக்கக் கற்குமுன்பே பெரும் எண்களை மனத்திலேயே பெருக்கி, மேடைகளில் வித்தை காட்டி வாழ்ந்தார். எண்களைக் கண்ணால் காண்பது போல் நினைவிற்கொள்ளும் வேறொருவரான தியாமாந்தியையும் பினே ஆராய்ந்தார். இனோதி அப்படியன்று; எண்களைக் காதால் கேட்பது போல் நினைவில் வைத்தார். நினைவு என்பது ஒரே ஆற்றல் அன்று, ஆளுக்கு ஆள் அதன் வழி வேறு என்பது தெளிவாயிற்று. இதோடு பினே விடவில்லை. பாரிசின் பெரிய கடையொன்றில் பணம் வாங்கும் எழுத்தர்களை அழைத்து வந்து போட்டி வைத்தார். சிறு பெருக்கல்களில் இனோதியையும் அவர்கள் வென்றுவிட்டனர். நாள்தோறும் பில் போட்டுப் போட்டு வந்த வேகம்!

இதைப் படித்தபோது என் தாயாரை நினைத்துக்கொண்டேன். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கீரைக்கட்டு விற்கும் கணக்கில் நான் காகிதத்தை எடுப்பதற்குள் விடை சொல்லிவிடுவார். பினேயின் கூடத்திற்கு அவர் போயிருந்தால் எந்த வரிசையில் நிறுத்தியிருப்பார்களோ தெரியாது, ஆனால் சில்லறையில் ஏமாந்திருக்க மாட்டார்.

1900இல் பினே கருத்தேற்றம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். பதினைந்தாண்டுகளுக்கு முன் தம்மை வீழ்த்திய அதே பொருளை, இப்போது அவரே பள்ளிப் பிள்ளைகளிடம் ஆராய்ந்தார். முதலில் சில கோடுகளை ஒன்றைவிட ஒன்று நீளமாக இருக்கும்படி காட்டுவார். பின் வருவனவெல்லாம் ஒரே நீளம். ஆனால் பிள்ளைகள் கோடு வளர்ந்துகொண்டே போவதாக எண்ணி வரைந்தனர். அட்டையொன்றில் பித்தான், நாணயம், அஞ்சல் தலை முதலியவற்றை ஒட்டிச் சற்று நேரம் காட்டுவார். பித்தானைத் தைத்த நூலைப் பற்றிக் கேட்டால், இல்லாத நூலுக்கும் விடை வந்துவிடும். கேள்வி கேட்கும் முறையே விடையை உண்டாக்கிவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? வழக்குமன்றங்களில் குழந்தைகளின் சாட்சியம் பற்றி இன்று நடக்கும் ஆராய்ச்சிகளுக்கெல்லாம் இவர் முன்னோடி.

இதே வேளையில்தான் மண்டையோட்டை அளக்கும் ஆய்வும் நடந்தது. தலை பெரிதாயின் அறிவும் பெரிது என்பது அந்நாளில் பிரான்சில் வேரூன்றியிருந்த கொள்கை. பினேயும் அதை நம்பித்தான் தொடங்கினார். ஆசிரியர்கள் மிகச் சிறந்தவர் என்றும் மிகப் பின்தங்கியவர் என்றும் பொறுக்கித் தந்த பிள்ளைகளின் தலைகளை அளந்தார். வேறுபாடு ஒரு மில்லிமீட்டர் அளவே தேறியது. சில அளவுகளில் அதுவும் இல்லை. இங்கே அவர் செய்தது அருஞ்செயல். பின்தங்கிய பிள்ளையின் தலையைத் தம் கை தம்மையறியாமலே சிறிதாக அளந்துவிடுகின்றதோ என்று தம்மையே ஐயுற்றார். தம் இளைய துணைவரான மருத்துவர் தியோதோர் சிமோனையும் தனியே அளக்கச் செய்து, இரு அளவுகளையும் ஒப்பிட்டார். ஐயம் உண்மையாயிற்று. காந்தத்தில் கற்ற பாடம் கவராயத்தில் உதவியது! தலையளவை அவர் கைவிட்டார்.

அவர் எல்லாவற்றிலும் இவ்வளவு விழிப்பாக இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. கையெழுத்தைக் கொண்டு அறிவை உணரலாமா என்று ஒரு நூலே எழுதினார். நாடகப் பித்தும் உண்டு. ஆந்த்ரே தெ லோர்து என்பவருடன் சேர்ந்து, பித்தர்களும் கொலைகளும் நிறைந்த அச்சமூட்டும் நாடகங்களை எழுதினார். பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்கிடையே வாழ்ந்தவர் இரவில் இப்படி எழுதினார் என்பது சற்று வேடிக்கைதான்.

பிரான்சில் 1882இல் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. ஆறு வயது முதல் பதின்மூன்று வயது வரை எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தாக வேண்டும். அதுவரை பள்ளியை எட்டிப் பாராத குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் வந்தனர். அவர்களுள் பாடத்தைப் பின்பற்ற இயலாதோரை என்ன செய்வது? அரசு 1904இல் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. பினேயும் அதில் உறுப்பினர். சிறப்பு வகுப்பு தேவைப்படுவோரை எப்படிக் கண்டறிவது என்பதே வினா. மருத்துவரைக் கேட்டால், ஒரே பிள்ளைக்கு ஒருவர் ஒரு பெயரும் மற்றவர் வேறொரு பெயரும் சூட்டினர். ஆசிரியரைக் கேட்டால், வகுப்பில் தொல்லை தருபவனை வெளியே அனுப்பும் ஆசை குறுக்கிடலாம். ஒருவரின் வாய்ச்சொல்லால் ஒரு பிள்ளையின் வாழ்வு முடிவாகக் கூடாது என்று பினே கருதினார்.

இந்த இடத்தில் நான் நடுநிலையோடு எழுத முடியவில்லை. நான் படித்த தொடக்கப்பள்ளியில் கடைசி வரிசைக்கு மக்கு வரிசை என்றே பெயர். அங்கே நானும் ஓராண்டு அமர்ந்திருந்தேன். என் வீட்டில் எழுத்துக் கூட்டச் சொல்லித் தர எவரும் இல்லை என்பதைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. என் அருகே இருந்த பையனுக்கோ கரும்பலகையே சரியாகத் தெரியாது. பல ஆண்டுகள் கழித்துக் கண்ணாடி போட்ட பின்னர்தான் அது அவனுக்கே தெரிந்தது. அதற்குள் அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். பினே 1905இல் பாரிசின் தொழிலாளர் பகுதிப் பள்ளியொன்றில், வானே என்னும் தலைமையாசிரியருடன் சேர்ந்து ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். அங்கே ஆசிரியர்களே பிள்ளைகளின் பார்வையைச் சோதிக்க எளிய முறை ஒன்றை வகுத்துத் தந்தார். அறிவை அளந்தவர் கண்ணையும் சேர்த்து அளந்தார் என்பதை எங்கள் பாடநூல் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

1905இல் பினேயும் சிமோனும் தங்கள் அளவுகோலை வெளியிட்டனர். முப்பது சோதனைகள், எளியதில் தொடங்கி அரியதில் முடிபவை. எரியும் தீக்குச்சியைக் கண் பின்தொடர்கின்றதா? சாக்லேட்டு எது, மரத்துண்டு எது என்று தெரிகின்றதா? மூன்று எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல முடியுமா? மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து கிராம் எடையுள்ள பெட்டிகளைக் கையால் தூக்கிப் பார்த்து வரிசைப்படுத்த முடியுமா? இறுதியில், கருத்துச் சொற்கள் இரண்டுக்கிடையே உள்ள வேறுபாட்டைச் சொல்ல முடியுமா? இவற்றுள் பள்ளிப் பாடம் மிகக் குறைவு என்பதைக் கவனியுங்கள். கற்பிக்கப்பட்டதை விட்டுவிட்டு, கற்கும் ஆற்றலைக் காண முயன்றார் அவர். சீர்தூக்கிப் பார்க்கும் திறமே அறிவின் உயிர்நாடி என்று கருதினார்.

1908இல் அளவுகோலைத் திருத்தி, மூன்று முதல் பதின்மூன்று வயது வரை வயதுவாரியாக அடுக்கினார். மூன்று வயதுக் குழந்தை மூக்கு, கண், வாயைச் சுட்டிக்காட்ட வேண்டும். ஐந்து வயதில் சதுரத்தைப் பார்த்து வரைய வேண்டும். எட்டு வயதில் இருபதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அவ்வவ் வயதினருள் பெரும்பாலோர் செய்ய முடிந்ததையே அவ்வயதுக்குரிய சோதனையாக வைத்தார். எட்டு வயதுப் பிள்ளை ஆறு வயதுச் சோதனைகளை மட்டுமே முடித்தால், அவன் உள மட்டம் ஆறு. உளவயது என்று நாம் படிக்கும் கருத்து இதுவே. பினே பெரும்பாலும் மட்டம் என்றே எழுதினார். வயது என்றால் அது உடலோடு ஒட்டிய, மாறாத பண்பு என்று எவரேனும் எண்ணிவிடக் கூடும் அல்லவா?

பிரசெல்சு நகரில் தெக்ரோலி என்பவரும் அவர் துணைவரும் இச்சோதனைகளை வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் நடத்தினர். அவர்கள் பாரிசுப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு முன்னே நின்றனர்! பினேயின் பிள்ளைகள் ஏழைத் தொழிலாளர் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர் இதை மறைக்கவில்லை. வீட்டுச் சூழல் அளவைத் தொடுகின்றது என்பதை ஏற்று, எந்தெந்தச் சோதனைகளில் அவ்வேறுபாடு மிகுகின்றது என்று ஆராய்ந்தார். சொற்களைக் கையாளும் சோதனைகளில்தான் அது மிகுதி.

அளந்தபின் என்ன செய்வது? பலரும் அளவோடு நின்றுவிட்டனர், பினே நிற்கவில்லை. 1909இல் வெளியிட்ட நூலில், பிறவி அறிவு இவ்வளவுதான், இனிக் கூடாது என்று சொல்வோரைக் கடுமையாகச் சாடினார். கோணிய முதுகை நிமிர்த்தப் பயிற்சி இருப்பது போல் உள்ளத்திற்கும் பயிற்சி உண்டு என்றார். சிறப்பு வகுப்புகளில் அவர் புகுத்திய பயிற்சிகள் விளையாட்டுப் போன்றவை. ஆசிரியர் சைகை காட்டியதும் சிலை போல் அசையாமல் நிற்பது. தளும்பத் தளும்ப நீர் நிறைந்த குவளையைச் சிந்தாமல் கொண்டுசெல்வது. அட்டையில் ஒட்டிய பொருள்களைச் சில நொடிகள் பார்த்துவிட்டு நினைவிலிருந்து சொல்வது. வகுப்பைப் பார்வையிட வந்த நாடாளுமன்ற உறுப்பினர் சிலர் அந்த அட்டை விளையாட்டில் தாமும் இறங்கிப் பிள்ளைகளிடம் தோற்றுப் போயினர்!

1911இல் இரண்டாம் முறையாக அளவுகோலைத் திருத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள் பாரிசில் காலமானார். வயது 54.

அளவுகோல் அதற்கு முன்பே கடல் கடந்துவிட்டது. 1908இல் ஐரோப்பாவுக்கு வந்த அமெரிக்க உளவியலர் காடர்டு அதை எடுத்துச் சென்று ஆங்கிலத்தில் பெயர்த்தார். அறிவு பிறவியிலேயே முடிந்துபோன ஒன்று என்பது அவர் நம்பிக்கை. 1912இல் செருமானிய அறிஞர் வில்லியம் ஸ்டெர்ன், உளவயதை உண்மை வயதால் வகுக்கச் சொன்னார். 1916இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டெர்மன் அதை நூறால் பெருக்கினார். மட்டம் என்பது எண் ஆயிற்று. எண் மனிதன் மேல் முத்திரை ஆயிற்று. காடர்டு எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய ஏழைகளைச் சோதித்து, மொழி தெரியாமல் மிரண்டு நின்றவர்களை அறிவிலிகள் என்று கணக்கெடுத்தார். கேள்வி விடையை உண்டாக்கும் என்று பினே 1900இலேயே காட்டியதை அவருடைய அளவுகோலை ஏந்தியவர்களே மறந்தனர்.

இதன் உச்சத்தை 1927இல் காண்கின்றோம். வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்னும் இளம்பெண்ணின் உளவயது ஒன்பது எனவும், அவள் தாயின் உளவயது எட்டுக்கும் குறைவு எனவும் இவ்வளவுகோலின் வழிவந்த சோதனையால் குறிக்கப்பட்டன. அவள் குழந்தையும் அப்படியே என்று முடிவு கட்டப்பட்டது. அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் ஒப்புதலோடு அப்பெண்ணுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அக்குழந்தை பின்னர்ப் பள்ளி சென்று, 1931இல் ஒருமுறை சிறப்பு மாணவர் பட்டியலிலும் இடம் பெற்றாள். மறு ஆண்டு எட்டு வயதில் நோயால் இறந்தாள்.

காடர்டு 1928இல் தம் பழைய கருத்துகள் பலவற்றைத் திரும்பப் பெற்றார். பினேயின் துணைவர் சிமோன் 1961 வரை வாழ்ந்தார். மட்டத்தை எண்ணாக்கியதை அவர் இறுதி வரை ஏற்கவில்லை.

நம் நாட்டில் லாகூரைச் சேர்ந்த ரைஸ் என்பவர் 1929இல் இந்துஸ்தானி மொழியில் இதைத் தழுவி வெளியிட்டார். காமத் என்னும் அறிஞர் மராத்தி, கன்னடப் பிள்ளைகளுக்காகத் தழுவியமைத்து 1940இல் நூலாக்கினார். பினே–காமத் சோதனை என்ற பெயரில் மருத்துவமனைகளில் அதைக் காணலாம். எங்கள் துறை அலமாரியிலும் ஒரு பெட்டி இருக்கின்றது. படங்கள், மணிகள், கேள்விகள் அடங்கிய ஏடு, ஓரம் கிழிந்த கையேடு. சோதனையைத் தொடங்குமுன் குழந்தையின் அச்சத்தைப் போக்கிப் பழகிக்கொள்ள வேண்டும் என்று பினே விரிவாக எழுதியிருக்கின்றார். எங்கள் விரிவுரையாளரும் அதையே வலியுறுத்துகின்றார்.

அடுத்த ஆண்டு செய்முறைத் தேர்வுக்கு ஆளுக்கொரு குழந்தையை அழைத்து வர வேண்டும். எங்கள் தெருக் கோடியில் இருக்கும் சித்தி மகளைக் கேட்டிருக்கின்றேன். ஏழு வயது நடக்கிறது. மிட்டாய் உண்டா என்றாள், உண்டு என்றேன். இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணத் தெரியுமா என்று நான் இன்னும் கேட்கவில்லை.